செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: பழைய கார்க்காரர்களுக்கு

"கார் ஸ்டார்ட் ஆகலை" என்று யாராவது போன் செய்தால் அதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. சாவியைத் திருப்பியபோது என்ன கேட்டது என்பதுதான் மீதிப் பாதி. ஒன்றுமே கேட்கவில்லை, அல்லது 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது என்றால் அது பாட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், அதற்குப் போகும் வயர் சம்பந்தப்பட்ட சங்கதி, அதை இங்கே நான் தொடப் போவதில்லை. 'ர்ர்ர்-ர்ர்ர்-ர்ர்ர்' என்று இன்ஜின் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் பிடிப்பேனா என்கிறது என்றால் அது வேறு வியாதி. மெக்கானிக்குகள் 'செல்ஃப் அடிக்குது, பிடிக்கல' என்று சொல்வது இதைத்தான், செல்ஃப் என்பது ஸ்டார்ட்டர் மோட்டார்.

இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு புது பாட்டரிக்குத் தண்டமாகக் காசு கொடுத்திருக்கிறேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

சிங்கப்பூரில் 'பழைய கார்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 10 வருட சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ், முடிந்ததும் ஒன்று காரைக் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு 5 வருடத்துக்கோ 10 வருடத்துக்கோ பணம் கட்டி நீட்டிக்க வேண்டும். நீட்டித்தால் சாலை வரியில் கூடுதல் கட்டணம் 10 விழுக்காட்டில் ஆரம்பித்து வருடா வருடம் ஏறி 50 விழுக்காட்டில் போய் நிற்கும், வாகனப் பரிசோதனையும் வருடத்துக்கு ஒருமுறை ஆகிவிடும். இருந்தும் புதுக் கார் விலையைப் பார்த்துவிட்டு நம்மில் பலர் நீட்டிக்கிற கட்சிதான். ஆக புளோக்குக்குக் கீழே நிற்கும் கார்களில் 15 வயது, 18 வயது ஆனவையும் இருக்கின்றன, அதனுள்ளே இருக்கும் ரப்பருக்கும் வயருக்கும் சென்சாருக்கும் பெரும்பாலும் அதே வயசு, எல்லாம் இந்த ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் வெந்தவை. பரிசோதனையில் பிரேக்கைப் பார்ப்பார்கள், புகையைப் பார்ப்பார்கள். நாளைக்குக் காலையில் ஸ்டார்ட் ஆகுமா என்று யாரும் பார்ப்பதில்லை.

சரி, இன்ஜின் பிடிக்க என்னதான் வேண்டும்? பெட்ரோல் இன்ஜின் என்றால் நான்கு: காற்று, பெட்ரோல், பொறி, அழுத்தம். வீட்டு கேஸ் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கேஸ் வர வேண்டும், காற்று கலக்க வேண்டும், லைட்டரில் பொறி வர வேண்டும். இன்ஜினில் கூடுதலாக ஒரு வேலை, அந்தக் கலவையைப் பிஸ்டன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக நசுக்க வேண்டும், நசுக்கி முடிக்கிற அந்தச் சமயத்தில்தான் பொறி விழ வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பிடிக்காது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் வேலை ஊஞ்சலை முதலில் தள்ளிவிடுகிறவர் வேலை மாதிரிதான். நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றிக் கொடுக்கும், அதற்குமேல் இன்ஜின் தானாக ஆட வேண்டும்.

இப்போது ஒரு சின்ன யோசனை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பட்டறையில் யார் என்ன சொன்னாலும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள். சாதாரணக் காரில் நான்கு சிலிண்டர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பொறி விடத் தனி பிளக், பெட்ரோல் பீய்ச்சத் தனி இன்ஜெக்டர். ஒரு பிளக் செத்துப்போனால் கார் இருமும், நடுங்கும், ஆனால் மிச்சமுள்ள மூன்றை வைத்துக்கொண்டு நொண்டியடித்தாவது ஓடும். நான்குமே ஒரே காலையில் வேலைநிறுத்தம் செய்கின்றன என்றால்? ஒரு வீட்டில் ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால் வெளியே என்ன சாப்பிட்டாய் என்று அவரைக் கேட்போம். நான்கு பேருக்கும் ஒரே நாளில் வயிறு சரியில்லை என்றால் யாரையும் கேட்க மாட்டோம், நேராகப் போய்க் குழம்புச் சட்டியைத்தான் பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான். நான்கு சிலிண்டருக்கும் பொதுவாக இருக்கும் பொருள் எது, அதில் எது கெட்டது என்று தேட வேண்டும். பெட்ரோல் பம்ப், அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே, இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், பழைய வண்டியில் பொறியை நான்கு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், டைமிங் பெல்ட், திருட்டைத் தடுக்கும் இமொபிலைசர், இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும் மின்சாரம். குழம்புச் சட்டிகள் பெரும்பாலும் இவைதான். எடுத்த எடுப்பிலேயே 'நாலு பிளக்கையும் மாத்திடலாம்' என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பானட்டைத் திறப்பதற்கு முன் காதைத் திறக்க வேண்டும். நல்ல இன்ஜின் சுற்றும்போது சத்தத்தில் ஒரு தாளம் இருக்கும், ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை நசுக்கும்போது மோட்டார் கொஞ்சம் திணறி மீண்டும் ஓடுவதால் வருவது அது. அந்தத் தாளம் ரொம்ப மெதுவாக, இழுத்து இழுத்து வந்தால் பாட்டரி முழுசாகச் சாகாமல் பாதி செத்திருக்கிறது என்று பொருள். சுற்றுவதற்கே எல்லா மின்சாரத்தையும் மோட்டார் குடித்துவிடும், பொறிக்கும் கம்ப்யூட்டருக்கும் மிச்சம் இருக்காது. சும்மா நிற்கும்போது நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், செல்ஃப் அடிக்கும்போது அது 10-க்குக் கீழே விழுந்தால் பாட்டரியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இன்னொரு சத்தம் இருக்கிறது, அதைக் கேட்டால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். தாளமே இல்லாமல் 'விர்ர்ர்ர்' என்று வழுக்கிக்கொண்டு, வழக்கத்தைவிட வேகமாக, ரொம்ப லேசாகச் சுற்றும். அது டைமிங் பெல்ட் அறுந்ததன் அடையாளமாக இருக்கலாம். வால்வுகள் திறந்து மூடுவதை நடத்துவது அந்த பெல்ட்தான், அது போனால் வால்வுகள் பாதியில் நின்றுவிடும், அதனால் காற்று நசுங்காது. பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து, திறந்தபடி நிற்கும் வால்வை இடித்து வளைத்துவிடும், நீங்கள் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்புவது அந்த இடியை இன்னும் கூட்டத்தான் செய்யும். உங்கள் காரில் இருப்பது பெல்ட்டா சங்கிலியா என்று கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால் பல கார்களில் 80,000 முதல் 1,00,000 கிமீக்குள் மாற்றச் சொல்லியிருப்பார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் வழக்கம்போலத்தான் இருக்கிறது என்றால் அடுத்த வேலை டேஷ்போர்டில். சாவியை முழுக்கத் திருப்பாமல், விளக்குகள் எல்லாம் எரிகிற படியில் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த ஒரு படியில் மூன்று தகவல் கிடைக்கும், ஒரு ஸ்பேனர்கூடத் தேவையில்லை. முதலாவது, மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு. ஓடும்போது அது எரிந்தால் பயப்படுவோம், ஆனால் இந்தப் படியில் அது எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் இன்ஜின் கம்ப்யூட்டருக்கே மின்சாரம் போகவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும், ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். இரண்டாவது, சாவி படமோ பூட்டு படமோ போட்ட விளக்கு வேகமாக மினுக்கிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. சில கார்களில் அந்த நிலையிலும் செல்ஃப் அடிக்கும், பெட்ரோலையோ பொறியையோ மட்டும் நிறுத்தி வைத்திருக்கும், சிலவற்றில் பிடித்த மாதிரி பிடித்து ஒரு நொடியில் அணையும். வீட்டில் அலமாரிக்குள் தூங்கும் இரண்டாவது சாவியைக் கொண்டுவந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான வெள்ளி மிச்சமாகலாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சாவியை அந்தப் படிக்குக் கொண்டுவந்ததும் காரின் பின்பக்கத்திலிருந்து இரண்டு நொடிக்கு 'ம்ம்ம்' என்று ஒரு மெல்லிய முனகல் கேட்கும். பெட்ரோல் டாங்கிக்குள் இருக்கும் பம்ப் குழாயில் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. ரேடியோ, ஏர்கான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, யாரையாவது பின் சீட்டில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பல ஜப்பானியக் கார்களில் பம்ப் பின் சீட்டுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. எல்லாக் கார்களிலும் இந்த முனகல் தெளிவாகக் கேட்காது, ஆகவே கார் நன்றாக ஓடுகிற ஒரு நாளில் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வழக்கமாகக் கேட்டது இன்றைக்குக் கேட்கவில்லை என்பதில்தான் செய்தி இருக்கிறது.

பிறகு முழுக்கத் திருப்பி ஐந்து நொடி செல்ஃப் அடிக்கும்போது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் முள் கொஞ்சம் துடிக்கும். செத்த மாதிரி பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தால், இன்ஜின் சுற்றுகிறது என்ற சேதியே கம்ப்யூட்டருக்குப் போகவில்லையோ என்று நினைக்கலாம். சேதி சொல்வது கிராங்க் சென்சார். அது சொல்லாவிட்டால் எந்த நேரத்தில் பொறி விட வேண்டும், பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அது சும்மா இருந்துவிடும். இதுவும் நல்ல நாளில் பார்த்து வைக்க வேண்டிய விஷயம், சில கார்களில் எல்லாம் சரியாக இருந்தாலும் முள் அசையாது.

இறங்கிப் போய்ப் புகைக்குழாய் பக்கம் மோந்து பாருங்கள். பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வந்து சேர்கிறது, பற்றவில்லை, அதாவது பொறி பக்கம் தேட வேண்டும். வாடையே இல்லை என்றால் பெட்ரோல் பக்கம். துல்லியமான சோதனை இல்லைதான், ஆனாலும் மூக்கு சொல்கிற திசை பெரும்பாலும் சரியாக இருக்கிறது.

வாடை பலமாக இருந்தால் இன்னொன்றும் நடந்திருக்கலாம், இன்ஜின் பெட்ரோலில் முங்கியிருக்கலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கார்பார்க்கில் ஒரு இடத்திலிருந்து பக்கத்து இடத்துக்கு மாற்றிவிட்டு உடனே அணைத்தால் இப்படி ஆகும். தூண் ஓரத்து இடம் காலியானால் விடுவோமா நாம்? பிளக்கெல்லாம் நனைந்து அடுத்த முறை பிடிக்காது. இன்ஜெக்டர் உள்ள பெரும்பாலான கார்களில் இதற்கு வழி சுலபம்: ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும், சில நொடியில் காய்ந்து இருமிக்கொண்டே பிடிக்கும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் பக்கம் என்று தெரிந்தால் முதலில் வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ள வேண்டியது: டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா? பழைய கார்களில் முள் பொய் சொல்லும், டாங்கிக்குள் மிதக்கும் மிதவை ஒட்டிக்கொண்டு கால் டாங்கி என்று காட்டும். ஜோகூர் போகிறவர்களுக்கு, எல்லை தாண்டும்போது முக்கால் டாங்கியாவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் எப்போதும் நிரப்பியே வைத்திருப்பார்கள், போகாதவர்கள்தான் மாட்டுவார்கள். அப்புறம் பம்பின் ஃபியூஸ், ரிலே. ரிலே என்பது தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பெட்டி. பல கார்களில் ஹாரனுக்கும் பம்புக்கும் ஒரே மாதிரி ரிலேதான் இருக்கும், மேலே உள்ள எண் ஒன்றுதானா என்று பார்த்து இடம் மாற்றிப் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பம்பே தேய்ந்துபோயிருந்தால் ஒருவர் செல்ஃப் அடிக்க இன்னொருவர் டாங்கியின் அடியில் கையால் நாலு தட்டு தட்டுவது பழைய வித்தை. சில சமயம் உயிர் வந்துவிடும், வந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போய்விடுங்கள், நாளைக்கு வராது.

பொறி பக்கத்தில் வயசைப் பொறுத்து இரண்டு வகை. 90களின் கார் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்க வாய்ப்பு அதிகம், அதன் மூடிக்குள் ஈரம் இறங்கினாலோ விரிசல் விட்டாலோ பொறி வழி தவறிப் போகும். நவம்பர், டிசம்பர் அடைமழையில் மட்டும் காலையில் மக்கர் செய்கிறது, வெயில் வந்ததும் ஓடுகிறது என்றால் மூடியைக் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள். பிறகு வந்த கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே, பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயில் ஒன்று. நான்கு காயிலும் ஒரே நாளில் போகாது, மறுபடியும் குழம்புச் சட்டி யோசனைதான். ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாக: பிளக் வயரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பொறி வருகிறதா என்று பார்க்காதீர்கள். அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும். அதற்கென்று மலிவான டெஸ்டர் விற்கிறார்கள், பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் அதையும் செய்யாதீர்கள்.

இப்போது என் பாட்டரி கதை. என்னுடையது 16 வயது ஜப்பான் கார். காலையில் ஒரே சுற்றில் பிடிக்கும். சிராங்கூன் ரோட்டில் நிறுத்திவிட்டுத் தேக்காவில் மீன், கீரை வாங்கிக்கொண்டு இருபது நிமிடத்தில் திரும்பினால் சுற்றும், சுற்றும், பிடிக்காது. மீனைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி முறைப்பார். முக்கால் மணி நேரம் கழித்துப் போனால் ஒன்றும் நடக்காத மாதிரி பிடிக்கும். முதல் கடையில் பாட்டரி என்றார்கள், மாற்றினேன். அடுத்த வாரம் அதே கதை. டோ டிரக்கில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனால் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும், மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் பிடித்துவிடும், அவர் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே!

கடைசியில் காக்கி புக்கிட் பட்டறை ஒன்றில் ஒரு சீன அங்கிள்தான் வழி காட்டினார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றையும் கழற்றவில்லை. காரை அரை மணி நேரம் ஓடவிட்டார், அணைத்தார், பானட்டை மூடிவிட்டு காப்பி குடிக்கப் போய்விட்டார். ஓடுகிற இன்ஜினில் தண்ணீரும் விசிறியும் சூட்டை எடுத்துக்கொண்டே இருக்கும், அணைத்ததும் இரண்டும் நின்றுவிடுவதால் முதல் கொஞ்ச நேரத்துக்கு பானட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். அவர் அதற்குத்தான் காத்திருந்தார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினார், பிடிக்கவில்லை, எனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி சந்தோஷம். ஆர்பிஎம் முள் அசையவில்லை, பொறி இல்லை, கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுக் குறியைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் பி0335. கிராங்க் சென்சார். ஆறினால் வேலை செய்யும், சூடானால் படுத்துக்கொள்ளும். பாட்டரிக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் ஆனது.

'சூட்டில் மட்டும் பிடிக்காது' என்பது இந்த ஊரில் தனி ரகம், அப்படிப்பட்ட பொருள்கள் சிலதான். கிராங்க் சென்சார், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து பொறியைத் தூண்டும் இக்னைட்டர், அப்புறம் 90களின் ஹோண்டாக்களில் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் மெயின் ரிலே. அந்த ரிலேயின் ஈயப் பற்றுகளில் மயிரிழை விரிசல் விழுந்து, வெயிலில் நின்ற காரில் தொடர்பு விட்டுப்போவது பல நாடுகளில் பெயர்போன கோளாறு. ஈயத்தை மறுபடி உருக்கி ஒட்டினாலே சரியாகிவிடும்.

ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை. போனில் புளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேனரை இன்டர்நெட்டில் மலிவாக வாங்கலாம். ஐரோப்பாவில் 2001 முதல் வந்த புது பெட்ரோல் கார்களில் அதற்கான பொதுவான சாக்கெட் கட்டாயம், அதற்கு முந்திய கார்களில் வேலை செய்யும் என்று உறுதியில்லை. ஆனால் பி0335 என்று வந்ததும் சென்சாரை வாங்க ஓடாதீர்கள். அந்தக் குறி சொல்வது 'கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு' என்று மட்டும்தான். சர்க்யூட் என்றால் வயரும் சேர்த்திதான், பல மாடிக் கார்பார்க் எலிகளுக்கு வயர் என்றால் உயிர்.

லாரி, வேன் ஓட்டும் தம்பிகளுக்கு: டீசலில் பிளக் பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, இருபது மடங்கு நசுக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஆகவே பழைய டீசல் வண்டி சுற்றி, பிடிக்காவிட்டால் முதலில் டீசல் பக்கம்தான் பார்க்க வேண்டும். டாங்கியைச் சுத்தமாகக் காலியாக்கி ஓட்டியிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும், வெறுமனே டீசல் ஊற்றினால் போதாது, ஃபில்டர் பக்கத்தில் உள்ள கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். டீசலை நிறுத்தும் சோலினாய்டு என்ற மின்சார அடைப்பான் ஒட்டிக்கொள்வதும் பழைய வண்டிகளில் உண்டு.

செய்யக் கூடாதவை சில. ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கருகும். பொறி இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் சேரும், திடீரென்று பிடிக்கும்போது அதைச் சுட்டுக் கெடுக்கும். திடீர் வெள்ளத்தில் ஓட்டி நின்றுபோன கார் என்றால் ஒரு முறைகூடத் திருப்பாதீர்கள். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது, பிஸ்டன் தண்டுதான் வளையும். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் ஆராய்ச்சி வேண்டாம், அபாய விளக்கைப் போட்டுவிட்டுத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து பக்கத்தில் குறித்துவைத்திருக்கும் கார்நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கிருந்துதான் உங்கள் செலவு.

மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது 'ஸ்டார்ட் ஆகலை' என்று சொல்லாமல் பார்த்ததைச் சொல்லுங்கள்: 'சுற்றுது அங்கிள், வழக்கமான வேகம்தான், பம்ப் சத்தம் கேட்குது, முள் அசையலை, சூடானா மட்டும் இப்படி.' அவர் எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிடுவார். டோ டிரக்காரரிடம் மட்டும் வேறு விஷயம் சொல்ல வேண்டும், எத்தனாவது மாடி, நுழைவாயிலில் எழுதியிருக்கும் உயர வரம்பு என்ன என்று. சாதாரண டோ டிரக் பல மாடிக் கார்பார்க்குக்குள் ஏறாது, உயரம் குறைந்த வண்டி அனுப்ப வேண்டும். எனக்கு முதல் தடவை வந்தவர் கீழே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, வந்த காசை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.